கம்மி செலவுல மியாட்டாவுக்கு பவர் ஏத்துறது: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

மாஸ்டா மியாட்டா, எம்எக்ஸ்-5, ஜப்பான்ல யூனோஸ் ரோட்ஸ்டர், எல்லாம் ஒரே கார்தான். இந்தியாவுல மாஸ்டா கடையே விரிக்கல, ஆனா கனடா, யுகே, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க முதல் ஸ்போர்ட்ஸ் காரா செகண்ட் ஹேண்ட்ல எடுக்க இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரிஞ்சு இல்ல. இங்க நான் சொல்றது 1989-ல வந்த முதல் தலைமுறை, 1.6 லிட்டர் இன்ஜின். அமெரிக்க மாடல்ல புதுசுல 116 குதிரைசக்தி. யுகேல 1995-க்கு அப்புறம் வந்த 1.6-ஐ கம்பெனியே பவர் குறைச்சு 90 கிட்டதான் குடுத்தாங்க, அதனால வாங்குறப்போ எந்த வருஷம்னு பாத்துக்கோங்க.

முப்பது வருஷத்துக்கு மேல ஓடுன இன்ஜின் இது, அந்த 116-ம் இப்போ உங்க வண்டியில முழுசா இருக்காது. அதனால பளபளன்னு பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி தொலைஞ்ச குதிரைய திரும்பப் புடிங்க, அதுக்கு ஆகுற செலவுதான் இருக்குறதுலயே கம்மி.

ஸ்டெப் 1: இன்ஜின் நல்லா இருக்கான்னு பாருங்க

கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் குடுக்குதுன்னு அளக்குறது) எடுங்க, நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி காட்டணும். ஒண்ணு மட்டும் ரொம்ப கம்மியா இருந்தா இதோட நிறுத்திட்டு அதை முதல்ல சரி பண்ணுங்க. அப்புறம் ஸ்பார்க் பிளக் நாலு, பிளக் வயர் செட், ஏர் ஃபில்டர், ஃப்யூயல் ஃபில்டர் மாத்துங்க. பிளக் முனையில இருக்குற இடைவெளி (கேப்) 1.1 மிமீ. இந்த வண்டியில வயருங்க வயசானா கரெக்டா முடுக்கும்போதுதான் மிஸ்ஃபயர் ஆகும் (பெட்ரோல் சரியா எரியாம விட்டுப்போகும்), ஐடில்ல, அதாவது வண்டி நின்னபடி இன்ஜின் ஓடுறப்போ, ஒண்ணுமே தெரியாது, அதனால "நல்லாதானே ஓடுது"ன்னு விட்டுடாதீங்க.

1991 நடுவுக்கு முன்னாடி வண்டின்னா கிராங்க் (இன்ஜினோட மெயின் ஷாஃப்ட்) முனையில இருக்குற புல்லிய குனிஞ்சு பாருங்க. நாலு ஸ்லாட் இருந்தா அது ஷார்ட் நோஸ் கிராங்க், அந்த முன்பக்க போல்ட் லூஸாகி கிராங்க் சாவி (புல்லி தனியா சுத்தாம பூட்டி வைக்கிற சின்ன உலோகத் துண்டு) தேய்ஞ்சுபோற பிரச்சனை இதுலதான் வரும். எட்டு ஸ்லாட்னா நிம்மதி.

ஸ்டெப் 2: பெடல் முழுசா மிதிச்சா த்ராட்டிலும் முழுசா திறக்குதா?

இதுக்கு அஞ்சு பைசா ஆகாது. இன்ஜின் ஆஃப்ல, இன்டேக் பைப்ப கழட்டிட்டு ஒருத்தர உள்ள உக்காந்து ஆக்ஸிலரேட்டர அடி வரைக்கும் மிதிக்கச் சொல்லுங்க. த்ராட்டில் பாடிக்குள்ள இன்ஜினுக்கு காத்த திறந்து விடுற தகடு காத்து போற திசையிலயே நேரா நிக்கணும். சாஞ்சு நின்னா கேபிள் தொய்ஞ்சு போயிருக்கு, இல்ல பெடலுக்கு அடியில இருக்குற ஸ்டாப்பர் போல்ட் இடிக்குது. கேபிள்ல கொஞ்சூண்டு தொய்வு மட்டும் வெச்சு டைட் பண்ணுங்க, ரொம்ப இழுத்தா ஐடில் ஏறி நிக்கும்.

ஸ்டெப் 3: டைமிங்

இந்த வேலைக்காகத்தான் இதை எழுதவே உக்காந்தேன். டைமிங்னா பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு எவ்வளவு முன்னாடி ஸ்பார்க் அடிக்குதுங்கிறது, அதை கிராங்க் சுத்துற டிகிரியில சொல்வாங்க. கம்பெனி செட்டிங் 10 டிகிரி, மியாட்டாகாரங்க பலரும் 14-ல வைக்கிறாங்க. டாப் எண்டுல பெருசா எதுவும் நடக்காது, ஆனா நடு ஆர்பிஎம்ல இழுவை நல்லாவே தெரியும்.

வண்டிய நல்லா ஓட்டி சூடு பண்ணிட்டு லைட், ஏசி எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. பானெட்டுக்குள்ள டயக்னாஸிஸ்னு மூடி போட்ட குட்டி பெட்டி இருக்கும், மூடிக்கு உள்பக்கமே பேரெல்லாம் எழுதியிருக்கும், அதுல டிஇஎன், ஜிஎன்டி ரெண்டையும் ஒரு சின்ன வயரால இணைச்சாதான் கம்ப்யூட்டர் டைமிங்க ஆட்டாம விடும். ஐடில் 850 கிட்ட இருக்கணும். டைமிங் லைட்டுக்கு (ஸ்பார்க் அடிக்கிறப்போலாம் மின்னி புல்லி குறிய காட்டுற லைட்) கரண்ட் எடுக்க பேட்டரிய தேடுனீங்கன்னா அது டிக்கில இருக்கும், வயர் எட்டாது, முன்னாடி இருக்குற மெயின் ஃப்யூஸ் பாக்ஸ்ல பாசிட்டிவ் எடுத்துக்கலாம். லைட்டோட கிளாம்ப முதல் சிலிண்டர் வயர்ல மாட்டுங்க, ரேடியேட்டர் பக்கம் இருக்குறதுதான் ஒண்ணாவது.

டயல் வெச்ச லைட்ட இங்க நம்பாதீங்க. இந்த இன்ஜின்ல ஒவ்வொரு சுத்துக்கும் ஸ்பார்க் அடிக்கும், அதனால டயல் கணக்கு தப்பாகும். சாதா லைட் போதும், டயல் இருந்தா பூஜ்யத்துல வெச்சிடுங்க. பெல்ட் கவர்ல டி (பூஜ்யம் டிகிரி), 10-னு ரெண்டு குறி இருக்கு. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரத்துல பாதிக்கும் கொஞ்சம் கம்மியா அளந்து, 10-ஐ தாண்டி வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு போடுங்க, அதுதான் 14. இதை இன்ஜின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே போட்டு வெச்சுக்கோங்க.

இப்போ இன்ஜின் தலைக்குப் பின்னாடி, ஃபயர்வால் ஓரமா கேம் ஆங்கிள் சென்சார் இருக்கும், அதுல ஒரே ஒரு 12 எம்எம் போல்ட், கை போறதே கஷ்டமான இடம். கொஞ்சமா லூஸ் பண்ணி, சென்சார மெதுவா, மயிரிழை மயிரிழையா திருப்பிக்கிட்டே லைட் அடிச்சுப் பாருங்க, புல்லி குறி உங்க கோட்டுக்கு நேரா வந்ததும் டைட் வெச்சுட்டு மறுபடி ஒருதரம் செக் பண்ணுங்க, ஏன்னா டைட் பண்றப்போவே நகரும். ஜம்பர் வயர எடுக்க மறக்காதீங்க. அந்த சென்சார்ல இருக்குற ஓ-ரிங்ல ஆயில் கசியறது இந்த வண்டியோட பழைய வியாதி, கழுவுன இடம் மாதிரி நனைஞ்சிருந்தா கையோட மாத்திடுங்க, விலை ரொம்ப கம்மி.

இனிமே பிரீமியம் பெட்ரோல் மட்டும்தான். கனடா, அமெரிக்காவுல 91, யுகேல 97-க்கு மேல. ஏத்தத்துல நாலாவது கியர்ல கம்மி ஆர்பிஎம்ல முழுசா மிதிச்சுப் பாருங்க, டப்பாக்குள்ள கோலிகுண்டு உருட்டுற மாதிரி சத்தம் வந்தா உடனே கால எடுத்துட்டு ரெண்டு டிகிரி குறைச்சிடுங்க. இந்த இன்ஜின்ல அந்த சத்தத்தைக் கண்டுபிடிக்கிற நாக் சென்சார் கிடையாது, உங்க காதுதான் சென்சார்.

ஸ்டெப் 4: காத்தும் புகையும்

கோன் ஃபில்டர் வாங்கி பானெட்டுக்குள்ள அப்படியே மாட்டுறது வேஸ்ட், சத்தம் ஏறும், ஆனா இன்ஜின் சூட்டுக் காத்தத்தான் குடிக்கும். ஒரிஜினல் பாக்ஸ்ல புது ஃபில்டர் போட்டாலே போதும். சைலன்சர் மாத்துறதும் சத்தத்துக்கும் எடை குறையறதுக்கும்தான், குதிரை ஒண்ணு ரெண்டு வந்தா அதிகம். புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர எடுத்துடாதீங்க, ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு அது சட்டப்படி குத்தம், யுகேல வருஷாவருஷம் எடுக்குற எம்ஓடி வண்டி டெஸ்ட்லயும் மாட்டுவீங்க.

ஸ்டெப் 5: இன்னும் பசிச்சா

இதுக்கு மேல நிஜமான பவர் வேணும்னா ரெண்டே வழி. 1994-ல வந்த 1.8 இன்ஜின மாத்துறது, அமெரிக்க மாடல்ல 128 குதிரை, உடைஞ்ச வண்டிகள்ல இருந்து கிடைக்கும். இல்லன்னா டர்போ. டர்போ போட்டா உள்ள போற காத்த அளக்குற பழைய மீட்டர தூக்கிட்டு மெகாஸ்குவிர்ட் மாதிரி தனி ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) போட்டு ஆள் வெச்சு ட்யூன் பண்ணியே ஆகணும், கிளட்சும் தாங்காது. அதவிட முக்கியம் பின்னாடி டிஃப்ரென்ஷியல் (பின் சக்கரங்களுக்கு பவர பிரிச்சுக் குடுக்குற கியர் பெட்டி): 1.6-ல இருக்குறது 6 இஞ்ச், டர்போ டார்க்குக்கு பல்லு போயிடும். அதனால டர்போவுக்கு காசு சேக்க ஆரம்பிச்சிருந்தா முதல்ல 1.8-ல இருந்து 7 இஞ்ச் டிஃப்ரென்ஷியல், அதுக்கேத்த ஆக்ஸில், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்னு முழு செட்டா தேடுங்க, அது கைக்கு வந்ததுக்கு அப்புறம் டர்போ கிட் விலையைப் பாக்கலாம்.