‘டிஸ்பொசிஷன்’ வந்தால் தமிழில் என்ன போடுவது? புதிதாக மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் மொழிபெயர்ப்பு வேலை எடுத்தால் மேசைக்கு வருபவை மருத்துவமனைக் கேஸ் ஷீட், கோர்ட் உத்தரவு, உயில், தோல் கம்பெனியின் ரிஜெக்‌ஷன் சீட்டு. இந்த நான்கிலும் டிஸ்பொசிஷன் (disposition) என்ற ஆங்கிலச் சொல்லோ அதன் உறவுச் சொல்லோ வந்து நிற்கும். நான்கிலும் பொருள் வேறு. அகராதியில் முதலில் கண்ணில் படும் ‘மனப்பாங்கு’, ‘இயல்பு’ என்பதை எடுத்து ஒட்டினால் “நோயாளியின் இயல்பு: வீடு” என்று அச்சாகி வரும்.

இந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்குத் தனித்தனியே எடுத்து வைப்பது என்று பொருள். மனம் ஒருவிதமாக அமைந்திருந்தால் அது சுபாவம். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் நாட்டம். படையை இடம் பார்த்து வைத்தால் அணி நிறுத்தம், சொத்தை இன்னாருக்கு என்று எடுத்து வைத்தால் பராதீனம், வழக்கை எடுத்து முடித்துவைத்தால் பைசல். இவ்வளவு வேர் தெரிந்தால் போதும். வேலைக்கு உதவுவது இலக்கணம்தான்.

படி 1: உரியது எது?

வாக்கியத்தில் டிஸ்பொசிஷன் எதைப் பற்றியது என்று பென்சிலால் வட்டமிடுங்கள். மனிதரா, சொத்தா, வழக்கா, நோயாளியா, தோல் லாட்டா (ஒரே தொகுதியாக வரும் சரக்கு)? படிவத்தில் தனித் தலைப்பாக, பக்கத்தில் ஒரு கட்டத்துடன் வந்தால் அது குணமாக இருக்க வாய்ப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். எவரும் படிவத்தில் கட்டம் போட்டு ஒருவரின் சுபாவத்தைக் கேட்பதில்லை. அடுத்து என்ன ஆனது என்றுதான் கேட்பார்கள்.

படி 2: ‘ஐ’யா, ‘கு’வா?

பெரும்பாலோர் வழுக்கும் இடம் இது. காரணம், பின்னால் வரும் ‘ஆஃப்’. ஆங்கிலத்தில் அந்த ஒரே ஒட்டு, உடையவரையும் காட்டும், செயலுக்கு ஆளாகும் பொருளையும் காட்டும். தமிழில் அப்படி முடியாது. உருபு காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே தமிழ் உருபையே சோதனைக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டமிட்ட பெயரோடு ‘ஐ’ சேர்த்து, “இதை யாரோ ஏதோ செய்கிறார்” என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ‘கு’ சேர்த்து, “இதற்கு/இவருக்கு இப்படியொரு தன்மை இருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதுதான் வழி. ‘டிஸ்பொசிஷன் ஆஃப் தி ப்ராப்பர்ட்டி’: சொத்தை எழுதிக்கொடுக்கிறார் என்பது பொருந்தும், சொத்துக்குச் சுபாவம் இருக்கிறது என்பது பொருந்தாது. ‘டிஸ்பொசிஷன் ஆஃப் தி கிளாஸ்’: கண்ணாடிக்கு உடையும் தன்மை இருக்கிறது, ஆக ‘கு’.

இரண்டும் பொருந்தினால்? அங்கேதான் நிதானம் வேண்டும். வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்க் கிளர்ச்சி பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்குவதாக வைத்துக்கொள்வோம். ‘டிஸ்பொசிஷன் ஆஃப் தி சிப்பாய்ஸ்’ என்று வருகிறது. புதிய தலைப்பாகையும், சமயக்குறி, தாடி பற்றிய உத்தரவும் முந்தைய வரியில் இருந்தால், சிப்பாய்களுக்கு இருந்த மனக்கொதிப்பைப் பேசுகிறது: ‘கு’. கோட்டைக்குள் 69-வது ரெஜிமெண்டின் நான்கு கம்பெனிகள், மதராஸ் காலாட்படையின் மூன்று பட்டாலியன்கள் என்று கணக்கு வந்தால், சிப்பாய்களை எங்கெங்கே நிறுத்தியிருந்தார்கள் என்பது பொருள்: ‘ஐ’. சொல் பன்மையில், ‘டிஸ்பொசிஷன்ஸ்’ என்று இருந்தால் பெரும்பாலும் படை நிறுத்தம். கிளர்ச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி அப்படி ‘டிஸ்பொசிஷன்ஸ்’ செய்தார் என்று எழுதியிருந்தால், அவர் மனநிலையை யாரும் விசாரிக்கவில்லை.

குழந்தை விஷயத்திலும் இதே கண்ணி உண்டு. பள்ளி அறிக்கையில் ‘குழந்தையின் டிஸ்பொசிஷன்’ என்றால் சுபாவம். அமெரிக்கச் சிறார் நீதிமன்றக் காகிதத்தில் ‘டிஸ்பொசிஷன் ஹியரிங்’ என்றால், சிறாரை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அமர்வு.

படி 3: பின்னால் வரும் சொல்

‘கு’ என்று முடிவானபின் இன்னொரு பிரிவு இருக்கிறது. பின்னால் ‘டு’வும் ஒரு வினைச்சொல்லும் வந்தால் நாட்டம் அல்லது போக்கு, ‘டுவர்ட்ஸ்’ வந்தால் ஒருவர்மேல் உள்ள எண்ணம், எதுவும் வராமல் முன்னால் அடைமொழி மட்டும் இருந்தால் சுபாவம். ஒருநாள் சிடுசிடுப்பு டிஸ்பொசிஷன் ஆகாது, அது மூட். ஊரே ‘சிடுமூஞ்சி’ என்று பெயர் வைத்திருந்தால்தான் டிஸ்பொசிஷன்.

தமிழ்ச் சொல் தேர்வில் என் கட்சி இது. சுபாவம் முதல் தேர்வு. வடமொழி என்று தள்ளுபவர்கள் இயல்பு போடலாம், ஆனால் ‘இயல்பாக’ என்று இழுத்தால் ‘சகஜமாக’ என்று ஆகிவிடும். குணம் நல்ல சொல்தான், மருத்துவக் காகிதத்தில் மட்டும் வேண்டாம். “குணம் நன்றாக உள்ளது” என்பதை நோய் தீர்ந்துவிட்டது என்று படிப்பார்கள். நாட்டம் விரும்பிப் போவதற்கு, போக்கு திரும்பத் திரும்ப நடப்பதற்கு. ‘மனச்சாய்வு’ போட்டால் ஓரவஞ்சனை வாடை வரும், தவிர்க்கலாம்.

படி 4: காகிதத்துக்கு ஏற்ற சொல்

மருத்துவமனை: அவசரப் பிரிவுத் தாளில் வரும் டிஸ்பொசிஷனுக்கு ‘அடுத்து அனுப்பிய இடம்’ என்று போடுங்கள். கட்டத்தில் வீடு, வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு, வேறு மருத்துவமனை, மருத்துவர் அறிவுரையை மீறிச் சென்றார் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ‘ப்ரீடிஸ்பொசிஷன்’ இதன் ஆபத்தான தம்பி. ‘சர்க்கரை நோய் வரக்கூடிய உடல்வாகு’ என்பதற்குப் பதில் ‘சர்க்கரை நோய் உள்ளது’ என்று எழுதினால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மில் கேள்வி எழும். தன்மை வேறு, நிகழ்வு வேறு. உடையாத கண்ணாடிக்கும் உடையும் தன்மை உண்டு. மனநலக் குறிப்பில் ப்ரீடிஸ்போசிங், ப்ரெசிபிடேட்டிங், பெர்பெச்சுவேட்டிங் என்று மூன்று காரணிகள் வரிசையாக வரும். முன்பே இடம்கொடுத்தது, தூண்டிவிட்டது, நீடிக்கச் செய்வது என்று பிரித்து எழுதுங்கள். மூன்றுக்கும் ‘காரணம்’ என்று ஒரே சொல் போட்டால் மருத்துவர் எழுதிய வேறுபாடு காணாமல் போகும்.

உயில்: ‘சவுண்ட் டிஸ்போசிங் ஸ்டேட் ஆஃப் மைண்ட்’ என்ற தொடர் எழுதுபவரின் நல்ல மனநிலையைச் சொல்வதல்ல. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59-வது பிரிவு, தெளிந்த புத்தியுள்ள, மைனர் அல்லாத எவரும் உயிலால் தன் சொத்தை டிஸ்போஸ் செய்யலாம் என்கிறது. போதையாலோ நோயாலோ தான் செய்வது என்ன என்று தெரியாத நிலையில் உயில் எழுத முடியாது என்றும் அதன் விளக்கம் சொல்கிறது. கேட்கப்படுவது சந்தோஷம் அல்ல, தெரிந்து செய்யும் திறன். ஆகவே ‘சொத்தைப் பற்றி முடிவெடுக்கும் தெளிந்த புத்தியுடனும் பூரண நினைவுடனும்’ என்று எழுதுங்கள். கிரயப் பத்திரத்தில் வரும் டிஸ்பொசிஷனுக்கு நம் பத்திர எழுத்தர்களின் ‘பராதீனம்’ கச்சிதம். விற்பனை, தானம், அடமானம் எல்லாம் அதில் அடங்கும். ‘விற்பனை’ என்று குறுக்கினால் தானம் வெளியே நின்றுவிடும்.

இடையில் ஒன்று. பழைய பத்திரத்தில் ‘வடஆற்காடு மாவட்டம்’ என்று இருந்தால் அப்படியே விடுங்கள். 1989-இல் அது பிரிந்தது, 2019-இல் வேலூரும் மூன்றானது என்பதற்காக மொழிபெயர்ப்பாளர் மாவட்டத்தைத் திருத்தக் கூடாது. தேவையென்றால் அடிக்குறிப்பு போடலாம்.

கோர்ட்: இங்கே ‘டிஸ்போஸ்ட் ஆஃப்’ என்பதே அதிகம் வரும். ‘முடித்துவைக்கப்பட்டது’ என்று போடுங்கள். பழைய ஆவணமாக இருந்தால் ‘பைசல்’ ஒட்டும். ‘தீர்ப்பு கிடைத்தது’, ‘வென்றார்’ எதுவும் வேண்டாம். தள்ளுபடியானாலும், அனுமதிக்கப்பட்டாலும், வாபஸ் வாங்கினாலும் வழக்கு டிஸ்போஸ்ட்தான். வழக்கு விவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் ‘நேச்சர் ஆஃப் டிஸ்போசல்’ என்ற வரியைப் பார்த்தால் எந்த வகையில் முடிந்தது என்று தெரியும். அதையும் சேர்த்து எழுதுங்கள். அமெரிக்க விசா, க்ரீன் கார்டு வேலைக்காக ‘கோர்ட் டிஸ்பொசிஷன்’ கேட்டால், அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கான நீதிமன்றச் சான்று தேவை. நன்னடத்தைச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

தோல், ஷூ கம்பெனி: ரிஜெக்‌ஷன் சீட்டில் இந்தத் தலைப்புக்கு ‘லாட் மீது எடுத்த முடிவு’ போதும். கீழே வரும் தேர்வுகளில் ரீவொர்க், ரிப்பேர் இரண்டையும் கலக்காதீர்கள். தர மேலாண்மைச் சொற்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 9000 வரையறைப்படி ரீவொர்க் செய்தால் பொருள் குறித்த தரத்துக்கே வந்துவிட வேண்டும். ரிப்பேர் செய்தால் பயன்படுத்தும் அளவுக்கு ஆகும், தரத்தை எட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. முன்னதை ‘மறுவேலை’, பின்னதை ‘பழுதுநீக்கம்’ என்று வையுங்கள். ‘யூஸ் ஆஸ் இஸ்’ என்பது ‘அப்படியே ஏற்பு’. யார் ஒப்புதல் கொடுத்தார் என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள். தொழிற்சாலைக்குள் ஒட்டும் தாள் என்றால் ரீவொர்க் என்றே தமிழ் எழுத்தில் போடுவது மேல். லைனில் நிற்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

படி 5: திருப்பிப் பார்த்தல்

தமிழ் வரியை மட்டும் படித்து, “யார் எதைச் செய்தார்?” அல்லது “யாருக்கு என்ன தன்மை?” என்ற கேள்விக்கு விடை வருகிறதா என்று பாருங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் ‘மனநிலை’ என்று வந்த இடத்தையெல்லாம் தேடி எடுத்து, படி 2-ஐத் திரும்பச் செய்யுங்கள். அகராதியைவிட எக்செல் தாள் ஒன்றில் ஆங்கில வரி, காகித வகை, போட்ட சொல் என்று மூன்று பத்தி வைத்திருப்பது அதிகம் உதவும்.

பின்சேர்க்கை: ‘இன்டிஸ்போஸ்ட்’ பற்றிக் கேட்கிறார்கள். விடுப்புக் கடிதத்தில் வந்தால் ‘உடல்நலம் சரியில்லை’, அதுவும் லேசாக. ‘இன்டிஸ்போஸ்ட் டு’ என்று வினைச்சொல்லோடு வந்தால் மட்டும் ‘மனமில்லை’. ‘அட் யுவர் டிஸ்போசல்’ என்றால் ‘உங்கள் வசம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்’. குப்பை அகற்றும் டிஸ்போசலோடு குழப்பிக்கொண்டால், உதவிக்கு வருவதாக எழுதியவரை நகராட்சி வண்டியில் ஏற்றிவிடுவீர்கள்.