வேகம் குறைய மறுத்த ஃபேன் ரெகுலேட்டர்

எங்கள் ஹால் ஃபேனுக்கு டயாக், டிரையாக் வைத்த பழைய திருகு ரெகுலேட்டர்தான். டிரையாக் என்பது ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் எலக்ட்ரானிக் சுவிட்ச்; அதைத் தூண்டிவிடும் சின்ன உறுப்புதான் டயாக். குமிழைக் கடைசிவரை குறைத்தாலும் ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினேன். உள்ளே 500 கிலோ ஓம் பாட் (குமிழைத் திருகினால் தடை மாறும் உறுப்பு), அதோடு தொடராக 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பாட் சரியாக இருந்தது. கெப்பாசிட்டரைத் தனியே எடுத்து அளந்தால் 0.04தான் மிச்சம்.

இதற்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? 50 ஹெர்ட்ஸில் 0.1 மைக்ரோஃபாரட் சுமார் 32 கிலோ ஓம் அளவுக்குத் தடுக்கும். பாட்டையும் அதே 32-இல் வைத்தால் இரண்டிலும் ஆளுக்கு 163 வோல்ட்; கூட்டினால் 326 வருகிறதே, சப்ளை 230தானே என்று குழம்ப வேண்டாம், இரண்டும் 90 டிகிரி விலகி நிற்பதால் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பாட்டின் தடையை ஏற்ற ஏற்ற கெப்பாசிட்டரின் பங்கு சுருங்கும், சப்ளைக்குப் பின்தங்கவும் செய்யும். கெப்பாசிட்டரில் போதிய வோல்ட்டேஜ் ஏறினால்தான் டயாக் திறக்கும்; அது தாமதமாகத் திறப்பதும் ஃபேன் மெதுவாவதும் அதனால்தான். முழு 500-இல் கெப்பாசிட்டரில் அலையின் உச்சமே சுமார் 21 வோல்ட். டயாக் திறக்க 32 வோல்ட் வாக்கில் வேண்டும், ஆக ஃபேன் நின்றுவிடும். 0.04 ஆகிப்போனால் அதே இடத்தில் உச்சம் 51! டயாக் சும்மா இருக்குமா?

0.1, 400 வோல்ட் பாலியெஸ்டர் ஒன்றை வைத்துப் பற்றவைத்தேன், துருவம் பார்க்கத் தேவையில்லை, சரியாகிவிட்டது. குறைந்த வேகத்தில் வரும் இரைச்சல் மட்டும் போகவில்லை. அது டிரையாக் அலையை வெட்டுவதால் வருவது. பிடிக்காவிட்டால் கெப்பாசிட்டர் வகை ஸ்டெப் ரெகுலேட்டர்தான் வாங்க வேண்டும்.