மறதி நோய் உள்ள பெரியவரோடு கோலப் பலகை முன் உட்காருவது எப்படி?

டிமென்ஷியா உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மாத்திரை வேளை, குளியல், சாப்பாடு எல்லாம் எப்படியோ பழகிவிடும். பழகாமலே இருப்பது காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே கிடக்கும் அந்த நீண்ட நேரம். டிவி ஓடும், அவர் அதைப் பார்க்க மாட்டார். எழுந்து வாசல் வரை போவார், திரும்புவார், மறுபடி போவார். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அத்தனை வீடுகளிலும் இந்த நேரம் இருக்கும்.

என் மாமியாருக்கு டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர். அந்த நேரத்தை எங்கள் வீட்டில் கோலம், பாட்டு, கதை மூன்றுமாகச் சேர்ந்து நிரப்புகின்றன. அதை எப்படிச் செய்கிறோம் என்று எழுதச் சொல்லிப் பலர் கேட்டதால் இந்தப் பதிவு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது நோயை நிறுத்தாது, போன ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டுவராது. அன்றைய பொழுது நன்றாகப் போகும், அவருக்கும் உங்களுக்கும். எனக்கு அது பெரிய விஷயம்.

ஏன் கோலம்? அல்சைமர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது மூளையில் புதிய ஞாபகங்களைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில். பல வருடம் செய்து கை பழகிய வேலைகள் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அவை நெடுநாள் தாக்குப்பிடிக்கும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லாதவர் நெளிக்கோலத்தில் எந்தப் புள்ளியைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் தடுமாறாமல் போவதற்குக் காரணம் இதுதான். உங்கள் வீட்டுப் பெரியவர் பூ கட்டியவராகவோ கூடை முடைந்தவராகவோ இருந்தால் கோலத்தை விட்டுவிட்டு அதையே எடுங்கள். முறை ஒன்றுதான்.

முதலில் ஒரு தாள்

பொருள் வாங்கப் போகுமுன் ஒரு தாளில் அவர் பிறந்த வருடத்தை எழுதுங்கள். அதோடு 10ஐயும் 30ஐயும் கூட்டுங்கள். என் மாமியார் பிறந்தது 1947. ஆக, 1957 முதல் 1977 வரை. ஒருவருக்கு அந்த வயதில் நடந்தவை மற்றக் காலத்தைவிடக் கூடுதலாக மனதில் தங்கும் என்பது ஞாபகம் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். பாட்டு, கோலம், பேச்சு எல்லாவற்றையும் அந்த வருடங்களிலிருந்தே எடுக்க வேண்டும்.

அப்புறம் அவருடைய தங்கை, அண்ணி, பழைய பக்கத்து வீட்டுக்காரர் யாருக்காவது போன் போடுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிவது அம்மாவாக ஆன பிறகு இருந்தவரைத்தான். சின்ன மாமியார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது, கும்பகோணம் பக்கம் அவர்கள் தெருவில் மார்கழியில் ஊடுபுள்ளிக் கோலத்துக்கு (ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளி வைப்பது) அத்தையைத்தான் கூப்பிடுவார்களாம். புள்ளி வைக்காமல் நேர்க்கோடுகளாகப் போடும் படிக்கோலம் அவருக்குப் பிடிக்காதாம். இது தெரியாமல் படிக்கோலத்தை முன்னால் வைத்தால் அவர் கை மடியை விட்டு எழும்பாது.

பலகையும் மாவும்

தரையில் போட வேண்டாம். குந்தி உட்கார்ந்தால் எழுவது சிரமம், விழுந்தால் இடுப்பு எலும்பு. இன்னொரு காரணமும் உண்டு. டிமென்ஷியா பார்வையையும் பாதிக்கிறது. தரையில் கறுப்பாக ஒன்று கிடந்தால் பள்ளமோ குழியோ என்று தோன்றலாம். வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருந்து, பெரியவர் அதைத் தாண்டத் தயங்கினாலோ குனிந்து பொறுக்கப் பார்த்தாலோ அதைப் பிய்த்து எடுத்துவிடுங்கள்.

மேசையில் வைக்கிற மாதிரி 2 அடிக்கு 2 அடி பிளைவுட் பலகை, மேலே மங்கலான கறுப்பு பெயின்ட், நான்கு பக்கமும் ஒரு விரல் உயரத்துக்கு விளிம்பு. தச்சரிடம் சொன்னால் செய்து தருவார். பளபளக்கும் மைக்கா மட்டும் வேண்டாம். டியூப் லைட் அதில் அடித்து மாவு தெரியாது. பாலிஷ் போடாத கடப்பாக் கல் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. கனமாக இருக்கும், நகராது.

மாவு பச்சரிசியாக இருக்கட்டும். கடையில் விற்கும் கோலமாவு கல் பொடி. கண்ணில் படும், வாயில் போகும், வேண்டாம். மிக்சியில் ரொம்ப நைசாக அரைக்காமல், கையில் எடுத்தால் சற்றுக் கொரகொரவென்று இருக்கும் பதத்தில் நிறுத்துங்கள். நைஸ் மாவு விரலில் ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாக விழும். கொரகொரப்பான மாவு இழையாக இறங்கும். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். அத்தை மாவை எடுத்ததும் முதலில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நெருடிப் பார்ப்பார். மாவு சரியில்லை என்றால் டப்பாவில் திருப்பிப் போட்டுவிடுவார்.

குழாயில் மாவு நிரப்பி உருட்டும் அச்சு, சல்லடைக் கோலத் தட்டு இதெல்லாம் வாங்காதீர்கள். கை செய்ய வேண்டிய வேலையை அவை பிடுங்கிக்கொள்கின்றன. சின்னப் பிள்ளைகளின் வண்ணம் தீட்டும் புத்தகத்தைக் கொடுப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. எழுபது வருடம் வாழ்ந்தவருக்கு முயல் படம் கொடுப்பது மரியாதை இல்லை.

எங்கே உட்காருவது, எப்படித் தொடங்குவது

எங்களை ரொம்ப நாள் இழுத்தடித்த இடம் இதுதான். அதனால் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

எதிரே உட்காரக் கூடாது. எதிரே உட்கார்ந்து நீங்கள் போடும் கோலம் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். உங்கள் கை வலப்பக்கம் போவது அவருக்கு இடப்பக்கம். அதைத் திருப்பிப் பார்த்துப் புரிந்துகொள்வது அவருக்கு இப்போது பெரும் சுமை. பக்கத்தில், அவர் மாவு எடுக்கும் கைப்பக்கமாக, ஒரே திசையைப் பார்த்து உட்காருங்கள். இதை மாற்றிய அன்றே எங்கள் வீட்டில் வித்தியாசம் தெரிந்தது.

உட்காருமுன் கண்ணாடி, காது மெஷின், பாத்ரூம் மூன்றையும் முடித்துவிடுங்கள். டிவியை அணையுங்கள். காலை பத்து, பத்தரை நல்ல நேரம். சாயங்காலம் பலருக்குக் குழப்பமும் படபடப்பும் கூடும். அப்போது தொடங்க வேண்டாம்.

அடுத்தது பேச்சு. “இந்தக் கோலம் ஞாபகம் இருக்கா அத்தை?” என்று கேட்டால் அது பரீட்சை. தெரியவில்லை என்பது அவருக்கே தெரியும், முகம் சுருங்கிவிடும். “கோலம் போடலாமா?” என்று கேட்டாலும் “எனக்கு எங்கே வரப்போகுது” என்று பதில் வரும். கேட்கவே கேட்காதீர்கள். நீங்கள் பாட்டுக்குப் புள்ளி வையுங்கள். ஊடுபுள்ளி 5இல் தொடங்கி 3இல் முடிப்பது போதும்; நடுவில் 5, மேலும் கீழும் 4, 3. மொத்தம் 19 புள்ளி. அதற்கு மேல் போனால் கண் தடுமாறும். ஒரு வளைவைத் தொடங்கிப் பாதியில் நிறுத்துங்கள். மாவுக் கிண்ணத்தை அவர் கைக்கு எட்டும் தூரத்தில் தள்ளி வையுங்கள். பிறகு சும்மா இருங்கள்.

அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். நாம் மூன்று நொடியில் “ம், போடுங்க” என்று சொல்லிவிடுவோம். அவருக்குப் பார்த்து, புரிந்து, கையை எடுக்க நேரம் வேண்டும். மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். அதற்குள் கை வரவில்லை என்றால் நீங்களே அடுத்த வளைவைப் போட்டு மறுபடி பாதியில் விடுங்கள். கை வந்தும் தொடங்க முடியாமல் தவித்தால் மேலிருந்து அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் கையை அவர் கைக்குக் கீழே கொடுங்கள். அவர் கை உங்கள் கைமேல் படுத்துக்கொண்டு கூடவே வரும். அமெரிக்காவில் டிமென்ஷியா பராமரிப்பைக் கற்றுத்தரும் டீப்பா ஸ்னோ பரப்பிய முறை இது. சோறு ஊட்டும்போதும் சட்டை போட்டுவிடும்போதும்கூட உதவுகிறது.

இழை தவறான புள்ளியைச் சுற்றினால் சுற்றட்டும். அவர் முன்னால் திருத்தாதீர்கள். “சூப்பர், சூப்பர்” என்று குழந்தையிடம் பேசுகிற மாதிரியும் வேண்டாம். கண்ணில் படும் ஒன்றை உண்மையாகச் சொல்லுங்கள்: “இழை எவ்வளவு மெலிசா விழுது அத்தை.” அன்றைக்கு அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள், தெரியும். பதினைந்து இருபது நிமிடத்தில், களைப்பு தெரியுமுன் நிறுத்திவிடலாம். அவர் அந்த இடத்தை விட்டு எழுந்த பிறகுதான் பலகையை அழிக்க வேண்டும். உலர்ந்த துணியால் துடையுங்கள், ஈரத்துணி பட்டால் பசையாகிவிடும். தரையில் சிந்தியதை அப்போதே எடுங்கள், டைல்ஸில் மாவு வழுக்கும்.

பாட்டு

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தாளில் எழுதிய வருடங்களின் பாட்டுகளில் பத்துப் பதினைந்தைத் தேர்ந்து ஒரு பென் டிரைவில் போடுங்கள், சாதாரண ஸ்பீக்கரில் செருகுங்கள். இலவசச் செயலிகள் வேண்டாம். பாட்டுக்கு நடுவே திடீரென்று விளம்பரம் கத்தினால் பெரியவர் பயந்துபோவார். ஹெட்போனும் எனக்கு உகந்ததாகப் படவில்லை, கூடச் சேர்ந்து பாட முடியாது.

சினிமாப் பாட்டு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அத்தைக்கு நலங்குப் பாட்டும் கும்மியும்தான் வாயில் வருகின்றன. நீங்கள் முதல் அடியைப் பாடி, கடைசிச் சொல்லை விட்டுவிடுங்கள். அவர் நிரப்புவார். பேச்சில் வார்த்தை கிடைக்காமல் திணறுகிறவருக்கு மெட்டோடு சேர்ந்த வார்த்தை எளிதில் வந்துவிடுகிறது. கண்ணில் நீர் வந்தால் உடனே பதறி நிறுத்த வேண்டாம். கை தாளம் போடுகிறதா என்று பாருங்கள். கை இறுகிப்போய், எழுந்து போகப் பார்த்தால் அந்தப் பாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கதை

அமெரிக்காவில் மில்வாக்கியைச் சேர்ந்த ஆன் பாஸ்டிங் 1990களின் பிற்பகுதியில் ‘டைம்ஸ்லிப்ஸ்’ என்ற முறையை உருவாக்கினார். ஒரு படத்தைக் காட்டி, சரி தவறு இல்லாத கேள்வி கேட்டு, சொல்கிறவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுதிக்கொண்டு, பிறகு உரக்கப் படித்துக் காட்டுவது. ஞாபகத்தைக் கேட்காமல் கற்பனையைக் கேட்பது இதன் அடிப்படை.

நாங்கள் போட்ட கோலத்தையே படமாக வைத்துக்கொள்கிறோம். “இது யார் வீட்டு வாசல்?” என்று கேட்பேன். ஒரு நாள் “மணியக்காரர் வீடு” என்றார். யார் வரப்போகிறார்கள் என்றால் “பொண்ணு பார்க்க வராங்க, ஆனா அவளுக்கு இஷ்டமில்லை.” ஏன் இஷ்டமில்லை? “அவளுக்கு மாடு மேல பிரியம்.” அப்படியே நோட்டில் எழுதினேன். திருத்தவில்லை, கோர்வையாக்கவும் இல்லை. படித்துக் காட்டியபோது “யார் எழுதினது? நல்லா இருக்கே” என்றார். நீங்கள் சொன்னதுதான் அத்தை என்றேன். நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வருகிற உறவினர்களிடம் அந்த நோட்டைக் கொடுத்துவிடுகிறேன். “நான் யாருன்னு தெரியுதா?” என்று கேட்டு அவரைக் கலங்கவைப்பதற்குப் பதில் பேச ஒரு விஷயம் கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நேற்றுவரை ஆர்வமாக உட்கார்ந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று எதற்கும் வராமல் அரைத்தூக்கத்திலோ கடும் குழப்பத்திலோ இருந்தால் ‘மூட் சரியில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு போன்றவை இப்படிக் காட்டும். டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

மாவை வாயில் போடுகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு உலர்ந்த மாவு புரையேறும், ஆகவே மாவையே எடுத்துவிடுங்கள். கடப்பாக் கல்லில் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் போடச் சொல்லுங்கள். ஈரம் பட்ட இடம் கருத்துத் தெரியும், காய்ந்தால் மறையும், மறுபடி போடலாம்.

பார்க்கின்சனும் சேர்ந்து இருப்பதால் கை நடுங்குகிறது என்றார் இன்னொருவர். விரலால் மாவு விடுவது அவருக்கு ஒத்துவராது. தடிமனான சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள். காய்ந்ததும் கோடு பளிச்சென்று வெளுக்கும். புள்ளிகளை நன்றாகத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

‘அப்பா எந்தக் கலையும் தெரியாதவர், ஆபீஸ் உண்டு வீடு உண்டு’ என்று எழுதிய தங்கைக்கு: சனிக்கிழமை பஜனையில் ஜால்ரா தட்டுவார் என்று நீங்களே கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே அம்மா, அங்கிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கையால் ஆதி தாளம் போடுங்கள், ஜால்ராவை அவர் மடிக்கருகில் வையுங்கள், காத்திருங்கள். தருமுன் அதன் கயிற்றைப் புதிதாக மாற்றிவிடுங்கள். பழைய கயிறு நடுவில் அறுந்தால் சத்தத்தில் திடுக்கிட்டுப்போவார்.