பிடி அரிசியும் கரண்ட் பில்லும்: வீட்டுச் சிக்கனத்தில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் அம்மா உலைக்கு அரிசி அளந்து எடுத்ததும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பழைய மைலோ டின்னில் போடுவார். இரண்டு வேளைச் சமையல் என்றால் இரண்டு பிடி. மாதக் கடைசியில், தோட்டத்தில் சம்பளம் போட இன்னும் மூன்று நாள் இருக்கும்போது, எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்த டின் அரிசியில்தான். மிஞ்சினால் எடுத்து வைக்கலாம் என்று அவர் ஒருநாளும் காத்திருந்ததில்லை. சமைப்பதற்கு முன்பே எடுத்துவிடுவார்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இன்று தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் குடியிருக்கும் எங்களில் பலர், சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவர்கள். எங்கள் லயத்தில் வாடகை கிடையாது, தண்ணீருக்கும் விளக்குக்கும் தனியாகப் பில் வந்ததில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் இவைதான் செலவு. அதனால் சிக்கனம் என்றாலே எங்களுக்குச் சாமான் வாங்குவதில் காட்டுவது என்று ஆகிவிட்டது. தாமானுக்கு வந்த பிறகு செலவு வேறு பக்கம் போய்விட்டது. பழக்கம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. நான் பார்க்கும் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கீரைக்குப் பேரம், பில்லுக்குப் பார்வை இல்லை

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒரு கட்டு கீரைக்கு 50 காசு குறைக்கச் சொல்லி நிற்கிறோம். வியர்வையில் நனைந்து நிற்கும் அந்த வியாபாரியும் நம்மைப் போன்றவர்தான். வீட்டுக்கு வந்தால் கரண்ட் பில்லில் கட்ட வேண்டிய தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோம். பார்க்க வேண்டியது எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்பதை.

2025 ஜூலை 1 முதல் வீட்டு மின்கட்டணக் கணக்கு மாறிவிட்டது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்குப் பலவகைக் கட்டணமும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். அதிலிருந்து சிக்கனத்துக்கான தள்ளுபடி ஒன்று கழியும். 200 யூனிட்டுக்குள் நின்றால் யூனிட்டுக்கு 25 சென் தள்ளுபடி. பயன்பாடு ஏற ஏற, மொத்த யூனிட்டுக்கும் அது குறைந்துகொண்டே வந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒன்றுமே கிடைக்காது. 600 யூனிட்டைத் தாண்டிய மாதத்தில் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் (retail charge) சேர்ந்துகொள்ளும். அதாவது 590 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கும் 610-க்குப் போன வீட்டுக்கும் 20 யூனிட்தான் வித்தியாசம், ஆனால் பில்லில் 20 ரிங்கிட்டுக்கு மேல் கூடிவிடும். எத்தனை கட்டுக் கீரைக்குப் பேரம் பேசினால் அது திரும்பி வரும்?

இன்னொரு நம்பிக்கை, இரவு பத்து மணிக்கு மேல் வாஷிங் மெஷின் போட்டால் கரண்ட் மலிவு என்பது. நேரத்துக்கு ஏற்ற கட்டண முறைக்கு நீங்களே விண்ணப்பித்து மாறியிருந்தால் மட்டும்தான் அது உண்மை. அந்த முறையில் வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை அதிகம், மற்ற நேரமும் சனி ஞாயிறும் குறைவு. விண்ணப்பிக்காத வீட்டுக்கு எந்த நேரத்தில் துவைத்தாலும் ஒரே விலை. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நள்ளிரவில் துணி காயப்போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டில் 24 மணி நேரமும் ஓடுவது ஐஸ் பெட்டி ஒன்றுதான். அதன் கதவை ஒரு முறை சோதித்துப் பாருங்கள். ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டைக் கதவு ஓரத்தில் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவைச் சாத்துங்கள். பிறகு மெதுவாக இழுங்கள். பிடித்து நின்றால் சரி. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் இறுக்கமாக ஒட்டவில்லை, குளிர் வெளியே போகிறது, மோட்டாரும் ஓயாமல் ஓடுகிறது. நான்கு பக்கமும் இப்படியே பார்க்க வேண்டும். எங்கள் பெட்டியில் கீழ் மூலையில் நோட்டு அப்படியே கையோடு வந்தது. ரப்பரை விரித்துப் பார்த்தேன். மடிப்புக்குள் குழம்பு எண்ணெய், மாவு, எறும்பு, இரண்டு கடுகு. வெந்நீரில் கொஞ்சம் சவர்க்காரம் கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்துத் துடைத்தேன். மறுநாள் நோட்டு பிடித்து நின்றது. புதிய பெட்டி வாங்க வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ரப்பர் கிழிந்திருந்தால் கழுவிப் பயனில்லை, ரப்பரை மட்டும் மாற்றலாம்.

அடுத்து ரைஸ் குக்கர். காலை ஐந்து மணிக்குச் சோறு ஆக்கிவிட்டு இரவு வரை சூட்டிலேயே விட்டுவிடுகிறோம். சூட்டில் வைக்க 40 வாட் இழுக்கும் குக்கர் என்று வைத்துக்கொண்டாலும், 14 மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. மாதத்துக்கு ஏறக்குறைய 17 யூனிட். இவ்வளவுக்கும் மாலையில் அந்தச் சோறு அடியில் மஞ்சளாகி, யாரும் விரும்பிச் சாப்பிடுவதில்லை. ஆறவைத்து மூடி ஐஸ் பெட்டியில் வைத்தால், வேண்டும்போது சூடுபண்ணிக்கொள்ளலாம்.

ஏர்கோன் இருக்கிற வீட்டில் 16-இல் வைத்துவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொள்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 24-இல் வைத்து, கூடவே மெதுவாக ஒரு காற்றாடியையும் போட்டால் போதும். முன்மூடியைத் திறந்து வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவுவதற்குக் காசே வேண்டாம்.

தண்ணீர் பில்லைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. ஒழுகும் குழாயைச் சரிபண்ணுங்கள், அது போதும்.

மலிவு என்று நினைத்து

பெரிய பொட்டலம்தான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறோம். கடையில் நின்று ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று கைத்தொலைபேசியில் வகுத்துப் பார்த்தால் பல சமயம் சின்னது இரண்டு வாங்குவது லாபமாக இருக்கும். பெரிதாக வாங்கிக் கெட்டுப்போனால் அதைவிட நட்டம் இல்லை. தீபாவளிக்கு மாவு மில்லில் மிளகாய்த்தூளை மூன்று கிலோ அரைத்து வைத்து, பொங்கலுக்குள் மணம் போய், குழம்புக்கு இரண்டு மடங்கு போட்டுக்கொண்டிருந்த வீடு எங்களுடையது. இப்போது ஒன்றரை மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைக்கிறேன்.

விலை கட்டுப்பாட்டில் இருக்கும் சாமான்களைத் தெரிந்து வைத்திருக்காததும் ஒரு தவறுதான். உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 ரிங்கிட், ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2.50, 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) 26.60 என்ற விலைகள் பல ஆண்டுகளாக நமக்குப் பழகியவை. தோம்பை வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்தால் கூலி தனி, அது நியாயம். ஆனால் அடிப்படை விலை தெரிந்தால்தான் எவ்வளவு கூலி கொடுக்கிறோம் என்பது தெரியும். புதுத் தோம்பு மாட்டும் அன்று, ஒட்டுத் தாளில் தேதி எழுதி அதன் மேல் ஒட்டிவிடுங்கள். போன தோம்பு 40 நாள் வந்தது, இது 31 நாளில் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தால்தானே ஏன் என்று தேட முடியும்? நெருப்பு நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பெரும்பாலும் அடுப்பின் துளைகள் அடைத்திருக்கின்றன என்று அர்த்தம். பாத்திரத்தின் அடி கரியாவதும் அதனால்தான்.

அப்புறம் ஈப்போ பயணம். அங்கே பேரங்காடியில் மலிவு விற்பனை என்று குடும்பத்தோடு கிளம்புகிறோம். போக வர 60 கிலோமீட்டர் அளவு. நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் கார் என்றால் கிட்டத்தட்ட 5 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் வந்த லிட்டர் 1.99 ரிங்கிட் மானிய விலையில் போட்டாலும் 10 ரிங்கிட் பெட்ரோலுக்கே போய்விடும். போன இடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, ஐஸ்கிரீம். சவர்க்காரத் தூளில் எட்டு வெள்ளி மிச்சம் என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறோம். குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறோம் என்றால் மகிழ்ச்சியாகப் போகலாம். அதைச் சிக்கனக் கணக்கில் எழுதாமல் இருந்தால் சரி.

வீட்டு முன்னால் இருக்கும் மண்ணை எல்லாம் சிமெந்து பூசி மூடிவிட்டுக் கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்குவது எனக்கு இன்றும் மனம் ஒப்பாத காரியம். லயத்துக் கோடியில் முருங்கை, கறிவேப்பிலை, பாண்டான், செராய் (எலுமிச்சைப்புல்), பச்சைமிளகாய் எல்லாம் யாருடையது என்று கேட்காமல் பறித்தோம். பெயிண்ட் தோம்பு ஒன்றில் மண் நிரப்பினால் கறிவேப்பிலை இன்றும் வரும்.

காசைப் பிடிக்கக் கூடாத இடங்கள்

கேஸ் ரப்பர்க் குழாயும் ரெகுலேட்டரும் இதில் முதலில் வரும். வெடிப்பு விட்ட குழாயை டேப் சுற்றி ஓட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சிரிம் தர முத்திரை உள்ள குழாயை வாங்கி மாற்றுங்கள். மோட்டார் சைக்கிள் டயரும் அப்படித்தான். மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் தார்ச் சாலையில் படிந்து கிடக்கும்போது வழுவழுப்பான டயரோடு வேலைக்குப் போவதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. வடை சுட்ட எண்ணெயைக் கறுக்கும்வரை திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் வேண்டாம். இனிப்புநீர் (நீரிழிவு), ரத்த அழுத்த மாத்திரைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு மிச்சம் பிடிக்கும் பெரியவர்களை நான் அறிவேன். அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அரசாங்க கிளினிக்கில் அந்த மாத்திரை ஏறக்குறைய இலவசம்.

மாதம் ஐம்பத்தொன்பதுதானே

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் 1,299 ரிங்கிட் வாஷிங் மெஷின் ஒன்றைத் தவணையில் எடுத்தோம். மாதம் 59, மூன்று ஆண்டு. ஐம்பத்தொன்பதுதானே என்று கையெழுத்துப் போட்டோம். வீட்டுக்கு வந்து 36-ஆல் பெருக்கிப் பார்த்தபோது 2,124. கூடுதலாகக் கொடுத்தது 825 ரிங்கிட். விற்றவர் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை, நாங்கள்தான் மொத்தம் எவ்வளவு என்று கேட்கவில்லை. தவணை என்று யார் சொன்னாலும், கையெழுத்துக்கு முன் அந்த ஒரு பெருக்கலைப் போட்டுவிடுங்கள்.

அடகுக் கடையிலும் இதே கதைதான். மாதம் 2 விழுக்காடு என்று கேட்டால் சின்னதாகத் தெரிகிறது. தாலிச் சரடு ஓர் ஆண்டு உள்ளே கிடந்தால் அது 24 விழுக்காடு. நகையை மீட்கப் பணமில்லாமல் வட்டி மட்டும் கட்டிக்கொண்டே போவதைவிட, ஒரு சின்ன நகையை விற்றுப் பெரியதை மீட்டுவிடுவது பல சமயம் நல்லது. சொல்வது எளிது, கழற்றிக் கொடுப்பது கஷ்டம், அதுவும் எனக்குத் தெரியும்.

மிச்சமான காசு எங்கே?

இதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நினைக்கிறேன். ரைஸ் குக்கரை அணைத்தோம், ஏர்கோனை 24-இல் வைத்தோம், பில் 15 ரிங்கிட் குறைந்தது. சரி, அந்த 15 ரிங்கிட் இப்போது எங்கே? பெரும்பாலும் பர்சிலேயே கிடந்து, ஒரு மாலையில் சமைக்க அலுப்பாக இருக்கும்போது மீகோரிங் தப்பாவ் (பொட்டலம்) ஆகிவிடும். அம்மா பிடி அரிசியை அரிசி மூட்டையிலேயே விட்டிருந்தால் அதுவும் சோறாகித்தான் போயிருக்கும். வேறு டின்னில் போட்டதால் நின்றது.

பல பெண்கள் இதற்காகத்தான் கூட்டு, அதாவது சீட்டு, கட்டுகிறார்கள். மாதாமாதம் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனால் காசு கையில் தங்காது, அந்த வகையில் அது நல்ல பழக்கம். ஆனால் கூட்டு நடத்துவதைத் தடைசெய்யும் சட்டம் 1971 முதல் இருக்கிறது, அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம்முடைய ‘கூட்டு’ என்ற சொல் இருக்கிறது. கூட்டு நடத்துபவர் பணத்தோடு போய்விட்டால் கேட்க நமக்கு வழி குறைவு. எங்கள் தெருவில் அப்படி இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதே ஒழுங்கை உங்கள் பெயரில் உள்ள ஒரு சேமிப்புக் கணக்கில் வைத்தால் என்ன? சம்பளம் ஏறும் அன்றே, எந்தப் பில்லும் கட்டுவதற்கு முன், 50 வெள்ளி அங்கே போகட்டும். அந்தக் கணக்கின் அட்டையைப் பர்சில் வைக்க வேண்டாம்.

நாசி லெமாக் விற்பவர், தையல்காரர், மாலை கட்டுபவர் என்று நிரந்தரச் சம்பளம் இல்லாதவர்கள் ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியில் ஐ-சாரான் என்ற விருப்பச் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம். 60 வயதுக்குள் இருக்க வேண்டும். 2025 முதல் நீங்கள் போடுவதில் 20 விழுக்காட்டை அரசாங்கம் சேர்த்துப் போடுகிறது. ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, ஆயுளுக்கு மொத்தம் 5,000 வரை. மாதம் 50 போட்டால் ஆண்டுக்கு 600, அதற்கு 120 ரிங்கிட் ஊக்கத்தொகை. ஈவுத்தொகை வேறு. எந்தக் கடையின் மலிவு விற்பனையிலும் இது கிடைக்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஈபிஎஃப் பணத்தில் பெரும்பகுதி முதுமைக்கு, நினைத்தவுடன் எடுக்க முடியாது. ஆஸ்பத்திரி, பள்ளி திறப்பு போன்ற அவசரச் செலவுக்கான காசை முதலில் சேமிப்புக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, பிறகு இதில் போடுவதுதான் முறை.

பத்து வெள்ளியில் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களிடம் அமைச்சராக இருந்த எங்கள் ஊர் துன் வீ. தி. சம்பந்தன் செய்ததைத்தான் சொல்வேன். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய், தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், 1960-இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர்ப் பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பங்குப் பணத்தில் சங்கம் தோட்டம் வாங்கியது. அம்மாவின் மைலோ டின் இருந்த மூலையில் இப்போது நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதப் பக்கத்திலும் முதல் வரி எடுத்து வைத்த 50. கரண்ட் யூனிட்டும் தோம்பு மாட்டிய தேதியும் அதற்குக் கீழே.