சஷ்டி விரதத்தில் நான் விட்ட பிழைகள்

இருபத்திரண்டு வருடமாகக் கந்தசஷ்டி பிடிக்கிறேன். ஐப்பசி வந்து நல்லூரில் புதிதாக விரதம் தொடங்கும் தம்பிமாரைக் கண்டால், என் பழைய பிழைகள்தான் கண்ணில் படுகின்றன. உள்ளி, வெங்காயம் விலக்குவதை வீட்டிலேயே சொல்லித் தந்திருப்பார்கள், அதை விடுகிறேன்.

பசியைப் பக்தி என்று எண்ணுவது

மூன்றாம் வருடம், ஆறு நாளும் மிளகும் தண்ணீரும்தான் என்று பிடிவாதமாக நின்றேன். மூன்றாம் நாள் பின்னேரம் ஊர்க் கோயிலில் கந்தபுராணப் படிப்பு. ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன், அதாவது பொருள், சொன்னார். ஒரு சொல்லும் எனக்கு ஏறவில்லை. தலை சுற்றியது. பக்கத்தில் பால் குடித்தவரை இளக்காரமாகப் பார்த்ததுதான் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். "தம்பி, ஒரு மிடறு பால் குடியன்" என்று அம்மா டம்ளரை நீட்டினா. சத்தம் போட்டுக் கையால் தட்டிவிட்டேன். பால் சீமெந்துத் தரையெல்லாம் ஓடியது. ஒன்றும் பேசாமல் குந்தியிருந்து பழந்துணியால் துடைத்தா. அவவும் விரதம்.

அதை நினைக்க இன்றும் என்மேல் கோபம் வருகிறது. தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பதும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையும் சேர்ந்ததுதான் தவம் என்கிறது குறள். நான் முதல் பாதியோடு நின்றுவிட்டேன். அந்தப் பாதியும் வீம்புதான்.

அடுத்த வருடம் இரவில் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு அதே படிப்பில் இருந்தேன். சூரபன்மன் வேள்வி. தன் தசையையே அறுத்து அறுத்துத் தீயில் இடுகிறான். 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் கிடைக்கிறது. ஆணவம் மட்டும் அப்படியே இருக்கிறது. உடம்பை அவ்வளவு வருத்தியவனைத்தான் ஆறாம் நாள் முருகன் வேல்கொண்டு பிளக்கிறார். முந்தின வருடம் பசி மயக்கத்தில் நான் தவறவிட்டது இதைத்தான்.

சீனி வருத்தக்காரர் குளிசையை நிறுத்துவது

கூடவே கூடாது. டொக்டரைக் கேட்ட பிறகே விரதம்.

அடுத்தவரைப் பார்த்துக் காவடிக்கு நேருவது

வேண்டாம்.

பாறணைக்குப் பந்தியில் போய்க் குந்துவது

விரதம் முடித்துச் சாப்பிடுவதுதான் பாறணை. ஏழாம் நாள் விடிய எழும்பி மரக்கறி வெட்ட, தேங்காய் துருவக் கூடமாட நில்லுங்கோ. அடுப்படியில் நிற்கிறவையும் ஆறு நாள் விரதம் இருந்தவைதான்.