இரும்பு முட்டியோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் மதுரையில் வைத்துத்தான் மாற்றினார்கள், 2021 பிப்ரவரியில். அடுத்த வருடம் வில்லாபுரம் வீட்டைப் பூட்டிவிட்டு அவளை டொராண்டோவுக்குக் கூட்டி வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து அவள் கேட்டது ஒன்றுதான்: மீனாட்சியை ஒரு தடவை பார்க்க வேண்டும். 2025 பொங்கலை ஒட்டி மூன்று வாரம் போய் வந்தோம். அதில் ஐந்து நாள் ஒரு காகிதத்துக்காக அலைந்தே போனது. செயற்கை மூட்டு வைத்தவரோடு ஊருக்குப் போகிற யாரும் அந்த ஐந்து நாளைத் தொலைத்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

டொராண்டோவில் விமானம் ஏறும்போது ஒன்றும் நடக்கவில்லை. கையைத் தூக்கி நிற்கச் சொல்லும் கண்ணாடிக் கூண்டுக்குள் அம்மா போனாள், வந்தாள், அவ்வளவுதான். வழியில் விமானம் மாறிய இடத்திலும் அதே கூண்டு. அதைப் பார்த்து நான் அசட்டையாக இருந்துவிட்டேன். அந்தக் கூண்டு மில்லிமீட்டர் அலைகளை வைத்துப் பார்க்கிறது. அலை துணியைக் கடந்து தோலில் பட்டுத் திரும்பிவிடும். தோலுக்கு அடியில் இருப்பது அதற்குத் தெரியாது. நம் ஊரில் நீங்கள் அதிகம் பார்ப்பது நடந்து கடக்கிற கதவுச் சட்டம். அது காந்தப் புலத்தால் உலோகத்தைத் தேடுகிறது. முட்டிக்குள் இருப்பதோ கோபால்ட்-குரோமியக் கலவையும் டைட்டானியமும், நடுவே ஒரு பிளாஸ்டிக் தட்டும். சட்டம் கத்தத்தான் செய்யும். அதனால் ஓரிடத்தில் சத்தம் வரவில்லை என்பதை வைத்து அடுத்த இடத்தை நம்பாதீர்கள்.

சென்னையில் இறங்கிப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்துவிட்டதால், எங்களுக்கு முதல் சத்தம் வந்தது அம்மன் சன்னதி வாசலில். சித்திரை வீதிகளுக்குள் வண்டி வராது; முட்டி மாற்றியவர்கள் அந்த நடையைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, 2018 பிப்ரவரி 2ஆம் தேதி வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு செல்போனைக் கோயிலுக்குள் விடுவதில்லை. அம்மாவின் எக்ஸ்ரே என் போனில்தான் இருந்தது. போன் செருப்போடு வெளியே. கையில் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

சட்டம் கத்தியதும் அம்மா பயந்து பின்னால் நகர்ந்தாள். பெண் காவலர் ஒருத்தி, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். "அப்பத்தா, இடுப்புல என்ன வச்சிருக்கீங்க?" இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்து. மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிற வீட்டின் சாவியை டொராண்டோவிலிருந்து சேலையில் சொருகிக்கொண்டே வந்திருக்கிறாள். வளையலில் கோத்த ஊக்குகள் வேறு நாலைந்து. எல்லாவற்றையும் கழற்றிய பிறகு கைக்கருவி முட்டியில் மட்டும் ஒலித்தது. "முட்டியில இரும்பு தாயி" என்றாள் அம்மா. அந்தப் பெண் குனிந்து இரண்டு முட்டியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "போங்க அப்பத்தா" என்று அனுப்பிவிட்டாள். சோதனைக்குப் போகுமுன் ஊக்கு, சாவி, அருணாக்கொடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சத்தம் முட்டியில் மட்டும் வந்தால் அரை நிமிடத்தில் முடிகிற காரியம்.

பொற்றாமரைப் படிக்கட்டில் உட்கார்ந்து அம்மா சொன்னாள்: "அம்பது வருசமா வர்ற வாசல்ப்பா. ஒரு நாளும் என்னைய நில்லுன்னு சொன்னதில்ல." எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அன்று ராத்திரி இதைக் கேள்விப்பட்ட சித்தப்பா சோழவந்தானிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். "கோயில்லயே நிப்பாட்டிட்டான்னா ஏர்போர்ட்ல விடுவானா? ஆஸ்பத்திரியில சீல் வச்ச லெட்டர் வாங்கு. அது இல்லாம எங்க மதினிய ஏத்தாதே." தேவையில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா போன பிறகு வாரம் தவறாமல் வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் அவர். டாலர் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த நான் எந்த வாயால் மறுத்துப் பேசுவது? தவிர, டொராண்டோ டாக்டரும் உள்ளே என்ன மூட்டு இருக்கிறது என்ற விவரத்தை இரண்டு முறை கேட்டிருந்தார்.

அறுவை செய்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். முதல் நாள் வரவேற்பில் அரை மணி நேரம் நின்ற பிறகு, கீழ்த்தளத்தில் ரெக்கார்டு செக்‌ஷனுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஐ.பி. நம்பர், அதாவது உள்நோயாளி எண் கேட்டார்கள். என்னிடம் இல்லை. அறுவைத் தேதியைக் கேட்டார்கள். பிப்ரவரி என்று தெரியும், தேதி தெரியாது. "நீங்க அவங்க மகன்தானே சார்?" என்று அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்தான். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, விண்ணப்பத்தில் உறவுமுறை எழுத வேண்டும், அதற்காகக் கேட்டான்.

இரண்டாம் நாள் அம்மாவையே கூட்டிப் போனேன். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு சேர்த்து நீளமாக இருக்கிறது. அவர்கள் கம்ப்யூட்டரில் ஒற்றை எழுத்து இனிஷியல், பெயரின் கடைசியிலும் ஓர் எழுத்து வித்தியாசம். இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். முட்டியில் நீங்களே போட்ட தழும்பு இருக்கிறதே என்று நான் சத்தம் போட்டேன். சத்தம் போட்டதால் ஒன்றும் நடக்கவில்லை. ஆதார் அட்டையைக் கொண்டுபோன பிறகுதான் விண்ணப்பத்தையே வாங்கினார்கள். மூன்றாம் நாள், பழைய ஃபைல் குடோனில் இருக்கிறது என்றார்கள். நான்காம் நாள், குடோன் சாவி வைத்திருப்பவர் பொங்கல் லீவில் இருக்கிறார் என்றார்கள்.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைப்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நாங்கள் போனபோது மூன்று வருடம் தாண்டிவிட்டது. ஃபைல் அழிக்கப்படாமல் இருந்ததே எங்கள் அதிர்ஷ்டம். நீங்கள் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் யாருக்காவது மூட்டு மாற்றியிருந்தால் அடுத்த பயணத்திலேயே முழு ஃபைலின் நகலையும் வாங்கிவிடுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அறுவைக் குறிப்பின் பக்கத்தில் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும்: தயாரித்த கம்பெனி, அளவு, லாட் நம்பர். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும், வருடங்கள் கழித்து மூட்டுத் தேய்ந்து மறுபடி மாற்ற வேண்டி வந்தாலும் டாக்டர்கள் தேடுவது அதைத்தான். விமான நிலையத்தைவிட அதற்குத்தான் அந்தக் காகிதம் முக்கியம்.

ஐந்தாம் நாள் ஃபைல் வந்தது, நூல் கட்டிய நீல அட்டையில். ஸ்டிக்கர் பக்கத்தைத் தேடிப் புரட்டியபோது சம்மதப் படிவம் கண்ணில் பட்டது. நோயாளியின் உறவினர் கையெழுத்து என்ற இடத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் கையெழுத்து. உறவுமுறை என்ற கட்டத்தில் 'பக்கத்து வீடு' என்று அவர் கைப்பட எழுதியிருந்தார். கொரோனா காலம், விமானம் இல்லை என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். விமானம் குறைவாக இருந்தது உண்மை. நான் லீவு கேட்கவே இல்லை என்பதும் உண்மை.

சாயந்தரம் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். ஊருக்கு வந்து பத்து நாள் ஆகியும் அதுவரை போகவில்லை. விஷயத்தைச் சொன்னதும் பீரோ மேலிருந்து ஒரு பெரிய உறையை எடுத்து வந்தார். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ஐ.பி. நம்பரோடு பில், மூட்டுக்கு என்று தனியாகப் போட்ட விவரம், எல்லாம் அதற்குள் இருந்தன. "என்னைக்காவது நீ கேப்பேன்னு வச்சிருந்தேன் தம்பி." அலுவலகத்துக்குப் போகுமுன் அன்று ஆஸ்பத்திரியில் கூட இருந்தது யாரோ, அவரிடம் போய்க் கேளுங்கள்.

சீல் வைத்த கடிதமும் கிடைத்தது. பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயர், எந்தக் கால், என்ன தேதி, என்ன உலோகம், டாக்டரின் பதிவு எண், இவை இருந்தால் போதும். ஆனால் கடிதம் இருந்தால் சோதனை கிடையாது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்க விமான நிலையங்களில் சோதனை செய்கிற டி.எஸ்.ஏ. அமைப்பு வைத்திருக்கும் அறிவிப்பு அட்டையும் விலக்குத் தருவதில்லை, விஷயத்தைச் சொல்ல மட்டும் உதவும். கருவிகளால் முட்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லி, கையால் சோதிக்கக் கேட்க வேண்டும். கைக்கருவியை நெஞ்சின் மேல் பிடிக்க விடக் கூடாது.

சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்குங்கள், குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது. படி ஏற முடியுமா முடியாதா என்பதையும் சொல்லிவிடுங்கள். 2017இல் முட்டி மூட்டுக்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்த பிறகு, ஊரிலேயே அறுவை செய்துகொண்டு திரும்பலாம் என்று நினைக்கிறவர்கள் நம்மில் உண்டு. மூன்று வார லீவில் அதைச் செய்யாதீர்கள். காலில் ரத்தம் உறையும் ஆபத்தால் நீண்ட விமானப் பயணத்தை ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் சரி என்று சொல்லாமல் ஏறாதீர்கள்.

திரும்பும் நாள், மதுரை விமான நிலையம். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பெண் காவலர், வடக்கத்திப் பிள்ளை. சட்டம் கத்தியது. அம்மா வாய் திறக்குமுன் நானே கடிதத்தை நீட்டிப் பேச ஆரம்பித்தேன். காவலருக்குப் புரியவில்லையோ என்ற பதற்றத்தில், "தழும்பக் காட்டும்மா" என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேர் வரிசையில் நிற்க, அம்மா குனிந்து சுங்குடிச் சேலையை முட்டி வரை தூக்கினாள். அந்தக் காவலர் சட்டென்று குனிந்து சேலையை இழுத்துவிட்டு, தோளில் கை போட்டுத் திரைக்குள் கூட்டிப் போனாள். கடிதத்தை அவள் வாங்கவே இல்லை. பெண்களைப் பெண்கள் மறைவான இடத்தில்தான் சோதிக்க வேண்டும், அது நம் உரிமை. அதைத் தெரிந்து வைத்திருந்தும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. மகன்கள் திரைக்குள் போக முடியாது என்பதால், உள்ளே தானே பேசிக்கொள்ள அம்மாவுக்கு இரண்டு வார்த்தை சொல்லித் தந்திருக்க வேண்டும். அதை அந்தக் காவலரே செய்துவிட்டாள். இந்தியில் முட்டிக்கு 'குட்னா' என்று பெயராம். வெளியே வந்து அம்மாதான் சொன்னாள்.

சென்னையில் மறுபடி சோதனை. நான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா எனக்காகக் காத்திருக்கவில்லை. சட்டத்துக்கு முன்னாலேயே நின்று இரண்டு முட்டியையும் தொட்டுக் காட்டி, "குட்னா ஆபரேஷன்" என்றாள். பெண் காவலர் தலையாட்டித் திரையை விலக்கினாள். கடிதம் என் கையில்தான் இருந்தது.