மாஃபியாதான் கென்னடியைக் கொன்றதா? இரண்டு தேதி போட்டுப் படிக்கும் முறை

என் தங்கை மகன் ராத்திரி பதினொரு மணிக்கு வீடியோ அனுப்புவான். கூடவே ஒரு வரி இருக்கும்: “பெரியம்மா, இதைப் பாருங்க, கென்னடியைக் கொன்னது மாஃபியாதான்னு நிரூபிச்சுட்டாங்க.” இப்படி நிரூபணமான கொலையாளிகள் இதுவரை ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் செய்திருந்தால் மற்ற நால்வரும் செய்திருக்க முடியாது. அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

நான் செஷன்ஸ் கோர்ட்டில் இருபத்தொன்பது வருடம் டைப்பிஸ்ட். சாட்சி சொல்வதை நீதிபதி சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாட்சி, “அவன்தான் வெட்டினான்னு என் மச்சான் சொன்னான்” என்றார். அவசரத்தில் நான் “அவன்தான் வெட்டினான்” என்று மட்டும் அடித்துவிட்டேன். நீதிபதி தாளை வாங்கிப் பார்த்தார். “இவரா பார்த்தார்?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. தாளை உருவிப் போட்டுவிட்டு மறுபடி அடித்தேன்.

கென்னடி விஷயத்தை நான் படிக்கும் முறை அங்கே கற்றதுதான். தங்கை மகனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு நீள நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தை நான்காகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் தேதி. இரண்டாவதில் அது முதன்முதலாக வெளியே சொல்லப்பட்ட தேதி. மூன்றாவதில், சொன்னவருக்கும் சம்பவத்துக்கும் நடுவே எத்தனை வாய் இருக்கிறது என்பது. நான்காவதில் அன்றைக்கே எழுதப்பட்ட காகிதம் ஏதாவது உண்டா என்பது. புதிதாக என்ன படித்தாலும், என்ன பார்த்தாலும், இந்த நான்கும் நிரம்பிய பிறகுதான் உங்கள் கருத்து. முதல் இரண்டு பத்தியை நிரப்பும்போதே பாதி வீடியோ காலாவதியாகிவிடும்.

யாரும் பெரிதாக மறுக்காதவற்றை முதல் பக்கத்தில் எழுதிவிடலாம். 1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை, பகல் 12.30, டெக்சாஸ் மாநிலம் டாலஸ் நகரில் ஊர்வலமாகக் காரில் போகும்போது அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடி சுடப்பட்டார். சுட்டதாக லீ ஹார்வி ஆஸ்வால்ட் அன்றே கைதானான். 24-ஆம் தேதி போலீஸ் தலைமையகத்தின் அடித்தளத்தில், டிவி கேமராவுக்கு முன்னால், ஜாக் ரூபி என்ற நைட்கிளப் முதலாளி அவனைச் சுட்டுக் கொன்றார். 1964-இல், கொலையை விசாரித்த வாரன் கமிஷன், ஆஸ்வால்டும் தனி ஆள், ரூபியும் தனி ஆள் என்றது. 1979-இல், மறுபடி விசாரித்த அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் கமிட்டி, அநேகமாக ஒரு சதி இருந்திருக்க வேண்டும் என்றது. மாஃபியா ஓர் அமைப்பாக இதைச் செய்யவில்லை, ஆனால் தனிப்பட்ட சில உறுப்பினர்கள் சம்பந்தப்பட்டிருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது. வீடியோக்காரர்கள் “சேர்த்துச் சொன்னதை” மட்டும், அதிலும் பாதியை மட்டும், எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து, நோக்கம். இதை நான்கு பத்திக்குள் எழுதாதீர்கள். நோட்டின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். நோக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. தம்பி ராபர்ட் கென்னடி அட்டர்னி ஜெனரலாக வந்ததும் மாஃபியாவை விரட்டி விரட்டிப் பிடித்தார். நியூ ஆர்லியன்ஸ் தாதா கார்லோஸ் மார்செல்லோ 1961 ஏப்ரல் 4 அன்று வழக்கம்போலக் கையெழுத்துப் போடக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனார். அப்படியே விமானத்தில் ஏற்றிக் குவாட்டமாலாவில் இறக்கிவிட்டார்கள். திரும்பி வந்தவர் மேல் வழக்கும் போட்டார்கள். அந்த வழக்கில் அவர் விடுதலையான நாள் எது தெரியுமா? 1963 நவம்பர் 22. இதைக் கேட்டதும் எனக்கும் புல்லரித்தது. ஆனால் நீதிமன்ற அறையில் உட்கார்ந்திருந்தார் என்பதைத் தவிர அந்தத் தேதி வேறெதையும் சொல்லவில்லை. புளோரிடாவின் சாண்டோ டிராஃபிகாண்டேவுக்கு ஹவானாவில் சூதாட்ட விடுதிகள் இருந்தன. காஸ்ட்ரோ வந்ததும் போயின. கோபம் இவர்களுக்கெல்லாம் நியாயமாகவே இருந்தது. எங்கள் கோர்ட்டில் வரப்புத் தகராறுக் கொலை வந்தால் செத்தவர் மேல் கோபம் இருந்தவர்கள் பட்டியலில் பாதி ஊர் இருக்கும். வெட்டியது ஒருவன்தான்.

இப்போது பத்திகளை நிரப்புவோம். மார்செல்லோ பற்றிய புகழ்பெற்ற சாட்சி எட்வர்ட் பெக்கர் என்பவர். 1962 செப்டம்பரில் மார்செல்லோ தன் பண்ணையில் குடித்துக்கொண்டே, செருப்பில் மாட்டிய கல்லை எடுத்தெறிய வேண்டும் என்று சிசிலி மொழியில் கத்தினாராம். நாயின் வாலை வெட்டினால் கடித்துக்கொண்டேதான் இருக்கும், தலையை வெட்ட வேண்டும் என்றாராம். தலை அண்ணன், வால் தம்பி. முதல் பத்தி: 1962. அச்சில் வந்தது: 1969. நடுவே ஏழு வருடம், அதற்குள் கொலையே நடந்து முடிந்துவிட்டது. காகிதம்: இல்லை. அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அச்சாகும் முன்பே விஷயம் எஃப்.பி.ஐ.க்கு எட்டியும், அதைத் துருவாமல் சொன்னவர் பெயரைக் கெடுக்கப் பார்த்தார்கள் என்று கமிட்டியே பிறகு குறை சொன்னது. ஆகவே இந்த வரிக்குப் பக்கத்தில் நான் கேள்விக்குறி போட்டிருக்கிறேன், அடிக்கவில்லை.

டிராஃபிகாண்டே பற்றி ஹோசே அலெமான் என்ற கியூபாக்காரர் சொன்னதும் இதே வகை. 1962-இல் டிராஃபிகாண்டே பேச்சோடு பேச்சாக, கென்னடி அடுத்த தேர்தலுக்கு இருக்க மாட்டார், அவருக்கு அடி விழும் என்றாராம். பத்திரிகையில் வந்தது 1976. 1978-இல் கமிட்டி முன்னால் உட்கார்ந்தபோது அலெமான், ஓட்டில் அடி விழும் என்ற அர்த்தத்தில்கூடச் சொல்லியிருக்கலாம் என்று இறங்கிவிட்டார். தன் உயிருக்குப் பயப்படுவதாகவும் சொன்னார். பயந்து மாற்றினாரா, முதலில் சொன்னதுதான் மிகையா? கூண்டில் ஏறியதும் பேச்சை மாற்றும் சாட்சிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறழ்சாட்சி என்று எழுதுவார்கள். மாற்றியதற்குக் காரணம் பயமா மனசாட்சியா என்பதைத் தாளில் அடிக்க முடியாது. இரண்டையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஃபிராங்க் ரகானோ. டிராஃபிகாண்டேயின் வக்கீல். 1987 மார்ச் 13 அன்று, டிராஃபிகாண்டே சாவதற்கு நான்கு நாள் முன்பு, டாம்பா நகரில் காரில் போகும்போது அவர் இந்தக் கொலையில் தன் பங்கை ஒப்புக்கொண்டதாக 1992-இல் சொன்னார். இங்கே நமக்கு வசதி, தேதி துல்லியமாக இருக்கிறது. துல்லியமான தேதி இருந்தால் உடனே கேளுங்கள்: அன்று அவர் எங்கே இருந்தார்? அன்று டிராஃபிகாண்டே மயாமியில் இருந்தார் என்றார்கள் அவர் குடும்பத்தார். அவரோ சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் இருந்த மனிதர். பொய்யோ மெய்யோ, “ஒரு நாள் சொன்னார்” என்று சொல்லியிருந்தால் யாராலும் சோதித்திருக்க முடியாது.

1990-களில் சிறையிலிருந்து ஒருவர், நான்தான் ஊர்வலப் பாதையோரப் புல்மேட்டிலிருந்து கென்னடியைச் சுட்டேன், தோட்டாக் கூட்டைப் பல்லால் கடித்துவிட்டு வந்தேன் என்றார். அவருக்கு நான் ஒரு வரிதான் ஒதுக்கினேன். முப்பது வருடம் கழித்து, ஏற்கெனவே உள்ளே இருப்பவன், இழக்க எதுவும் இல்லாமல் சொல்லும் ஒப்புதலுக்கு அதற்கு மேல் மை செலவழிக்க வேண்டாம்.

இனி இதற்கு நேர்மாறானது. இரண்டு தேதியும் ஒன்றாக இருக்கும் காகிதம். என் நோட்டில் எனக்குப் பிடித்த பக்கமே இதுதான். நவம்பர் 24 காலை ஜாக் ரூபி தன் கிளப்பில் ஆடும் ஒரு பெண்ணுக்கு 25 டாலர் தந்தி மணியார்டர் அனுப்பினார். வெஸ்டர்ன் யூனியன் அலுவலகத்தின் நேர முத்திரை 11.17. ஆஸ்வால்டைச் சுட்டது 11.21. அலுவலகத்திலிருந்து போலீஸ் கட்டடம் கூப்பிடு தூரம். ஆஸ்வால்டை வேறு சிறைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தது பத்து மணிக்கு. கடைசி நேரத்தில் ஒரு தபால் துறை ஆய்வாளர் வந்து கேள்வி கேட்டார், ஆஸ்வால்ட் ஸ்வெட்டர் கேட்டு மாட்டிக்கொண்டான், அதனால் தாமதம். ஏவி விடப்பட்ட ஆள் என்றால் பத்து மணிக்கே அங்கே நின்றிருக்க மாட்டாரா? இதைவிட, தன் செல்ல நாயைக் காரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நாய் வளர்ப்பவர்களுக்கு இது புரியும்.

ஆனாலும் எதிர்ப்பக்கத்தையும் எழுத வேண்டும். ரூபி சுட்டது அந்தக் கணத்து ஆத்திரம் மட்டுமல்ல, உள்ளே நுழைய யாராவது உதவியிருக்கலாம் என்று 1979 கமிட்டி கருதியது. தந்தி முத்திரை பொய் சொல்லாது. ஆனால் கிளம்பும்படி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதுவும் முத்திரையில் வராது.

சதி என்று யாராவது முழுக் கதையாகச் சொன்னால் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். ஆஸ்வால்ட் சுட்டதாகச் சொல்லப்படும் இடம், பாதையோரப் புத்தகக் கிடங்கு; அங்கே அவன் வேலைக்குச் சேர்ந்தது அக்டோபர் 16. கென்னடிக்கு மதிய விருந்து டிரேட் மார்ட் என்ற கட்டடத்தில் என்று முடிவானது நவம்பர் 14. ஊர்வலப் பாதை பத்திரிகையில் வந்தது 19. கிடங்கில் அவனை மாஃபியா உட்கார வைத்தது என்பவர், பாதை முடிவாகும் முன்பே அது எப்படித் தெரிந்தது என்று சொல்லியாக வேண்டும். துப்பாக்கி வேறு, மார்ச் மாதமே தபாலில் வாங்கியது. தபால் செலவோடு 21 டாலர் 45 சென்ட். கூலிக்குக் கொல்பவர்களின் கருவி அது இல்லை.

கமிட்டி “சதி” என்று சொல்லக் காரணமான ஒலிப்பதிவையும் பார்த்துவிடுவோம். டாலஸ் போலீஸ் ரேடியோப் பதிவில் நான்கு வெடிச்சத்தம் கேட்கிறது, எனவே இரண்டாவது ஆள் என்றார்கள் நிபுணர்கள். அந்தப் பதிவு ஒரு பத்திரிகையோடு பிளாஸ்டிக் இசைத்தட்டாக வந்தது. ஒஹையோவில் ஸ்டீவ் பார்பர் என்ற டிரம்ஸ் வாசிப்பவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். வெடிச்சத்தம் இருப்பதாகச் சொன்ன அதே இடத்தில், மெல்லியதாக, ஷெரிஃப் பேசும் ஒரு வாக்கியம். ஷெரிஃப் அதைப் பேசியது சுட்டு முடித்துச் சுமார் ஒரு நிமிடம் கழித்து! 1982-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் குழு அதை ஏற்று, அந்தச் சத்தங்கள் துப்பாக்கிச் சூடு அல்ல என்றது. பிறகும் வாதம் ஓயவில்லை. ஆனால் 1979 அறிக்கையை மட்டும் காட்டி 1982-ஐ விழுங்குகிற வீடியோவை நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

“சாட்சிகளை எல்லாம் தீர்த்துக்கட்டிவிட்டார்கள்” என்பது அடுத்த பாட்டு. சிகாகோவின் சாம் ஜியான்கானா 1975 ஜூனில் தன் வீட்டு அடித்தளச் சமையலறையில் சுடப்பட்டார். ஜானி ரோசெல்லி 1976-இல் மயாமி அருகே கடலில் மிதந்த எண்ணெய் டிரம்முக்குள் கிடைத்தார். இரண்டும் உண்மை, இரண்டும் பயங்கரம். ஆனால் அந்த நேரத்தில் செனட் கமிட்டி கிளறிக்கொண்டிருந்தது, காஸ்ட்ரோவைக் கொல்ல சி.ஐ.ஏ. இவர்களையே கூலிக்குப் பிடித்த கதையை. அந்தக் கூட்டு நிஜம். விஷ மாத்திரை வரை போனது. அதை வாரன் கமிஷனிடம் சொல்லவே இல்லை. இத்தனைக்கும் சி.ஐ.ஏ.யின் முன்னாள் தலைவர் ஆலன் டல்லஸ் அந்தக் கமிஷனில் உறுப்பினர். என்னைக் கேட்டால் மாஃபியாக் கதைக்கு அறுபது வருட ஆயுள் கொடுத்தது எந்தத் தாதாவும் இல்லை, இந்த மறைப்புதான். ஒரு வழக்குக் கட்டில் நடுத்தாளைக் கிழித்துவிட்டால், மிச்சத் தாள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆவணங்களை நேரடியாகப் பார்க்க விரும்பினால் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளமே போதும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் முன்னால் பதின்மூன்று இலக்க எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் யாருடைய காகிதம் என்று சொல்லும்: 104 சி.ஐ.ஏ., 124 எஃப்.பி.ஐ., 180 பிரதிநிதிகள் சபைக் கமிட்டி. 124-இல் தொடங்கும் தாளைக் காட்டி “எஃப்.பி.ஐ.யே சொல்லிவிட்டது” என்பார்கள். முழுதாகப் படியுங்கள். பெரும்பாலும், இன்னார் வந்து இப்படிச் சொன்னார் என்று ஓர் அதிகாரி குறித்து வைத்த தாளாக இருக்கும். நம்மூர் ஸ்டேஷனில் மனு கொடுத்தால் ரசீது தருவார்கள். ரசீது இருப்பதால் மனு உண்மையாகிவிடாது. 2025 மார்ச்சில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வெளியானபோது தங்கை மகன் அனுப்பிய “புதிய ஆதாரம்” இப்படிப்பட்ட ரசீதுதான். தேடும்போது பெயரை இரண்டு மூன்று விதமாகப் போடுங்கள். ரூபியின் இயற்பெயர் ரூபென்ஸ்டைன்.

இன்னொன்று, காகிதம் இல்லாததையும் குறியுங்கள். எஃப்.பி.ஐ. அந்த வருடங்களில் மாஃபியாத் தலைவர்களின் இடங்களில் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்திருந்தது. கென்னடிகளைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். சதி பற்றிப் பேச்சில்லை. இது வலுவான வாதம்தான். ஆனால் மார்செல்லோவின் இடத்தில் அப்படி ஒரு கருவி வைக்க முடியவே இல்லை.

என் நோட்டில் இன்னும் மூடாத வரி ஒன்று இருக்கிறது. 1963 அக்டோபர் 30, ரூபியின் ஃபோன் பில். நியூ ஆர்லியன்ஸில் மார்செல்லோவின் ஆள் ஒருவர் அலுவலகம் வைத்திருந்த வளாகத்தின் எண், பேச்சு ஒரு நிமிடம். அதே வளாகத்தில் ரூபிக்குத் தெரிந்த கிளப்காரர் ஒருவர் குடியிருந்தார். கிளப்பில் ஆடுபவர்களின் சங்கத்தோடு ரூபிக்கு அப்போது தகராறு, ஊரெல்லாம் ஃபோன் போட்டுக்கொண்டிருந்த நேரம். கிளப்காரரைத் தேடியிருக்கலாம். அந்த ஆளிடமே பேசியிருக்கலாம். இரண்டு தேதியும் ஒன்று, நடுவே வாய் எதுவும் இல்லை, காகிதம் பில்லே. நான்கு பத்தியும் நிரம்பிவிட்டது. அந்த ஒரு நிமிடம் என்ன பேசினார்கள் என்பதற்கு நான் பத்தி போடவில்லை. தங்கை மகனுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். “அப்போ மாஃபியாதானே பெரியம்மா?” என்று பதில் வந்தது.